மூன்று மாதம் என்று எழுதியிருந்த பக்கம்

செப்டம்பர் 15, திங்கள்

எழுத்து கோணலாக இருக்கிறது. மன்னிக்க வேண்டும். யார் மன்னிக்க வேண்டும் என்று தெரியவில்லை, இந்த நோட்டை யாருக்கும் காட்டப் போவதில்லை. இருந்தாலும் சொல்லிவிட்டேன். நாற்பது வருடம் மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்கிய கை. கொக்கி பிடித்துப் பழகிய விரலில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது.

வெயில். புழுக்கம். செஞ்சிக் கோட்டை மலைக்கு மேல் மேகம் வந்தது, இறங்காமல் போய்விட்டது.

என் பெயர் மாசிலாமணி. வயது எழுபத்தொன்று. நான்கு முறை எழுதிப் பார்த்தேன், மூன்றாவது நன்றாக வந்தது.

இன்று பஸ் ஸ்டாண்டில் படித்தவை:
அவலூர்பேட்டை.
அனந்தபுரம்.
கழிப்பிடம் பின்புறம்.
இங்கு உட்காரக் கூடாது. (படித்து முடிக்கும் வரை அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.)

முன்பெல்லாம் பஸ்ஸின் நிறத்தையும் கண்டக்டர் முகத்தையும் வைத்துத்தான் ஏறுவேன். இப்போது போர்டைப் பார்த்து ஏறுகிறேன். தேவையில்லாத பஸ்ஸையும் படிக்கிறேன். நிறுத்த முடியவில்லை.

பயிற்சிக்காக எங்கள் சபை ஒழுங்கை எழுதச் சொன்னார் முதியோர் கல்வி வகுப்பு டீச்சர். அவர் வேறு மதம். "உங்க கோயில்ல யாரு பெரியவரு, அத எழுதுங்க தாத்தா" என்றார். எழுதிக் காட்டவில்லை. இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்குப் பாஸ்டர் கிடையாது. மூப்பர்கள் சேர்ந்து நடத்துகிற சபை. இப்போது மூன்று பேர். ஒருவர் தேவசகாயம், ரிட்டையர்டு போஸ்ட்மேன். தீர்மானப் புத்தகம் எழுதுவது அவர். பெயர் நீளம், இனி தே. என்று எழுதுவேன். இன்னொருவர் சாமுவேல், திருவண்ணாமலை ரோட்டில் ஹார்டுவேர் கடை, வயது ஐம்பத்திரண்டு. சா. என்று எழுதினால் நன்றாக இல்லை, முழுதாகவே எழுதுகிறேன். மூன்றாவது நான்.

ஒழுங்கு:
ஓட்டு கிடையாது. மூன்று பேருக்கும் ஒரே மனம் வந்தால்தான் தீர்மானம். ஒருவர் மாட்டேன் என்றால் அடுத்த சனிக்கிழமை வரை ஜெபம்.
அறையில் பேசியது அறையோடு. மனைவிக்கும் சொல்லக் கூடாது.
ஒரு மூப்பர் ஒரு வீட்டுக்குப் போய்ப் பேசினால், அங்கே என்ன பேசினார் என்று மற்ற மூப்பர் கேட்கக் கூடாது. அவரே சொன்னால் உண்டு.
மூன்று பேருக்குக் குறைந்தால் தீர்மானம் செல்லாது.

இதை எழுத இரண்டு மணி நேரம். என் மனைவி சலோமி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். "இன்னா, பரிட்சையா" என்றாள்.

போன சனிக்கிழமை ஒரு விஷயம் வந்தது. வல்லத்துக் கொத்தனார் யேசுதாஸ், அவர் பெண் ஜெனிஃபருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் திருவண்ணாமலை. அந்தச் சபை, பெண் வீட்டார் சபையில் நல்ல நிலையில் இருக்கிறார்கள் என்று மூப்பர்கள் மூவரும் கையெழுத்திட்ட கடிதம் கேட்கிறது. யேசுதாஸ் ஆறு வருடமாக ஆராதனையில் பகிர்கிற திருவிருந்து அப்பத்தில் சேராதவர். அப்பா இறந்தபோது மொட்டையடித்துக் கொள்ளி வைத்தார், எங்கள் சபையில் அது கூடாது, அதனால் ஒழுங்கு நடவடிக்கை. வாரம் தவறாமல் வருகிறார். கடைசி வரிசையில், செருப்பு விடுகிற கதவுக்குப் பக்கத்தில் உட்காருவார். அப்பத் தட்டு வந்தால் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவார். எங்களுக்கும் அது பழகிவிட்டது.

பழைய தீர்மானத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தே.வுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி ஒரு வாரம். நான் படிக்கிறேன் என்றேன். சாமுவேல் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. பீரோ சாவி என்னிடம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலை பத்து மணிக்கு சபைப் பக்க அறை. ஃபேன் ஓடவில்லை. தீர்மானப் புத்தகம் கனம், சிவப்பு பைண்டு, ஓரம் பூச்சி அரித்தது.

என் கைரேகை எத்தனை. பக்கத்துக்கு ஒன்று. சில பக்கத்தில் மை அதிகம், சிலதில் பாதி விரல். பதினாறு வருடமாக நான் எதற்கெல்லாம் ஒத்துக்கொண்டேன் என்று இன்றுதான் படிக்கிறேன். ஜன்னலுக்கு வலை அடிக்க ஒத்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு பள்ளிக்கு இரண்டு பாய். மைக் சத்தம் குறைக்க. ஒவ்வொன்றாகப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக் கோழி உள்ளே வந்தது, அதற்கும் படித்துக் காட்டினேன்.

பால்ராஜ் ஐயா கையெழுத்து மணி மணியாக இருக்கும். தே.வுக்கு முன் புத்தகம் எழுதியவர் அவர். மதியத்துக்குள் அந்தப் பக்கம் வந்துவிட்டது. அப்படியே பார்த்து எழுதி வைக்கிறேன்:

"சகோதரர் யேசுதாஸ், தன் தகப்பனாரின் ஈமச் சடங்கில் கொள்ளி வைத்ததற்காகச் சபை முன் வருத்தம் தெரிவித்தார். மூன்று மாதம் அப்பத்தில் பங்கு பெறாமல் இருப்பார். மூன்று மாதம் முடிந்ததும் மூப்பர் மாசிலாமணி அவர் வீட்டுக்குச் சென்று ஜெபித்து, அவரைச் சேர்த்துக்கொள்வது குறித்துச் சபைக்கு அறிக்கை செய்வார்."

மாசிலாமணி. என் பெயரை இன்னொருவர் கையெழுத்தில் பார்ப்பது முதல் முறை. முதலில் சந்தோஷப்பட்டேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன், சந்தோஷப்பட்டேன். விரலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். பிறகுதான் மற்ற சொற்களைச் சேர்த்துப் படித்தேன்.

மூன்று மாதம். நான் போக வேண்டும். நான் போகவில்லை.

கீழே என் ரேகை. சுத்தமான ரேகை.

உட்கார்ந்து யோசித்தேன். அந்த நாட்களில் சனிக்கிழமை நாலரைக்குக் கமிட்டியில் லாரி லோடு. கூட்டம் பாதியில் இருக்கும்போதே எழுந்துவிடுவேன். எழுதி முடிக்கும் வரை நிற்க முடியாது, ரேகையை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள் என்று பால்ராஜ் ஐயாவிடம் சொல்வேன். வெறும் பக்கத்தின் அடியில் வைத்துவிட்டு ஓடுவேன். மேலே அவர் எழுதிக்கொள்வார். பெரிய மனிதர், ஒரு நாளும் பொய் எழுதியதில்லை. இதையும் பொய்யாக எழுதவில்லை. அடுத்த கூட்டத்தில் சொல்லலாம் என்று இருந்திருப்பார். அடுத்த கூட்டத்துக்கு முன் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

யேசுதாஸுக்கு எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. கொள்ளி வைத்தது பெரிய விஷயம், நீண்ட நாள் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். பிறகு தே. பார்த்துக்கொள்வார் என்று இருந்தேன்.

நேரே தே. வீடு. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கட்டிலில் இருந்தார். சொன்னேன். கண்ணாடியை மூக்கில் சரிசெய்தார். பிறகு சொன்னார்: "நீங்க போயிருப்பீங்க, அவுரு மனசு எறங்கலன்னு நெனச்சேன் பிரதர். போன எடத்துல பேசினத கேக்கக் கூடாதில்ல."

அவர் ஒழுங்கை மீறவில்லை. நானும் மீறவில்லை. யாருமே மீறவில்லை. அந்த ஆள் ஆறு வருடமாகக் கதவுப் பக்கத்தில்.



செப்டம்பர் 17, புதன்

மூன்று மணிக்கு சாமுவேல் கடைக்குப் பின்னால் கூடினோம். பெயிண்ட் நாற்றம். தே.வை ஆட்டோவில் வைத்து அழைத்து வந்தேன்.

சாமுவேலுக்கு யேசுதாஸ் மேல் கோபம் எதுவும் இல்லை. இதைச் சரியாக எழுத வேண்டும். அவர் மூப்பர் ஆகி நாலு வருடம்தான், அந்தத் தீர்மானத்தில் அவருக்குப் பங்கு இல்லை. கடிதம் கொடுக்கலாம் என்றுதான் சொன்னார். ஆனால் புத்தகத்தில் இருப்பது வெளியே போகக் கூடாது என்கிறார். ஞாயிற்றுக்கிழமை யேசுதாஸ் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கட்டும், மனந்திரும்பியதால் சேர்த்துக்கொண்டோம் என்று புதிதாக ஒரு தீர்மானம் எழுதலாம். ஐந்து நிமிட வேலை. ஏற்கெனவே இரண்டு குடும்பம் திண்டிவனம் ரோட்டு சபைக்குப் போய்விட்டது. மூப்பர்கள் ஒருவரை மறந்து ஆறு வருடம் வெளியே வைத்தார்கள் என்று தெரிந்தால் நாளை யார் நம் சொல்லுக்குக் கட்டுப்படுவார்கள்?

அவர் சொல்வதில் பயம்தான் இருக்கிறது, பொல்லாப்பு இல்லை.

யேசுதாஸ் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டுவிட்டாரே என்றேன்.

"ஆறு வருஷம் ஆச்சு பிரதர். யாருக்கு ஞாபகம் இருக்குது?"

"அவுருக்கு இருக்குது."

பேச்சு அங்கேயே சுற்றியது. நான் விலகிவிடுகிறேன், தப்பு என்னுடையது என்று சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன். தே. மூன்று விரலைக் காட்டினார். நான் போனால் இரண்டு பேர். இரண்டு பேர் போட்ட கையெழுத்து செல்லாது. கடிதமும் செல்லாது.

நான் வியாழக்கிழமை வல்லம் போய் அவரிடம் மன்னிப்பு விஷயத்தைப் பேசிப் பார்ப்பது என்று முடிவு. ஒரே மனம் வரும் வரை புத்தகத்தில் இருப்பதை யாரிடமும் சொல்வதில்லை என்று மூன்று பேரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

வரும்போது கடையில் படித்தவை: வெள்ளை சிமெண்ட். ஆணி. தாழ்ப்பாள். மேலே படிக்கப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

காலையில் தூறல். வல்லம் என்று போர்டு படித்து ஏறினேன். ஆறு வருடம் முன் இந்த பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும்.

யேசுதாஸ் வீட்டில் கல்யாணத்துக்காகச் சுவர் பூச்சு. அவரே கரண்டியோடு நின்றார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"இன்னா ஐயா, வழி தெரிஞ்சிதா?"

அவர் மனைவி கிரேஸ் உள்ளிருந்து ஓடி வந்து, வந்தவரை உட்காரச் சொல்லுங்கள் என்று அவரை அதட்டினார். வேகவைத்த மல்லாட்டை (டீச்சர் பாஷையில் வேர்க்கடலை) ஒரு தட்டில் வந்தது. ஜெனிஃபர் டீ கொண்டுவந்து வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள், ஜவுளிக் கடையில் வேலை.

நான் மன்னிப்பு விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் கை கழுவி வந்து தரையில் உட்கார்ந்தார். கோபமாகப் பேசவில்லை. அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

"நைனாவுக்கு கொள்ளி வெச்சது நான்தான். மூத்தவன் இருக்க வேற யாரு வெப்பா? சபைக்கு மனசு நொந்துச்சுன்னு அன்னிக்கே எழுந்து நின்னு சொன்னேன். மூப்பருங்க கூடிப் பேசினப்புறம் மூணு மாசம்னு தனியா சொன்னாங்க, சரின்னேன். மூணு மாசம் ஆனதும் மாசிலாமணி மூப்பர் வருவாரு, காத்திருன்னு பால்ராஜ் ஐயா சொன்னாரு. அந்த நாளு வேலைக்குப் போவல. சட்ட மாத்திக்கினு உட்காந்திருந்தேன். அடுத்த நாளும் போவல. மூணாவது நாளு மேஸ்திரி ஆள் அனுப்பினாரு, போயிட்டேன்."

கிரேஸ் மல்லாட்டைத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றும் இல்லாத இடத்திலும் பொறுக்கினார்.

ஏன் வந்து கேட்கவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தண்டனை வாங்கினவன் போய் எப்போ முடியும் என்று கேட்டால் நன்றாகவா இருக்கும் என்றார். நீங்கள்தான் வாரா வாரம் கைகூப்பி ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போனீர்களே, உங்கள் மனதுக்குத் தெரியாமலா இருக்கும், நான் இன்னும் தகுதி ஆகவில்லை போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன் என்றார்.

பிறகு கேட்டார்: "நீங்க இன்னாத்துக்கு வர்ல ஐயா?"

தொண்டை வரைக்கும் வந்தது. வெறும் பக்கத்தில் ரேகை வைத்துவிட்டு லாரிக்கு ஓடினேன் என்று ஒரு வரி. ஆனால் புதன்கிழமை தலையாட்டியிருக்கிறேன். டீயைக் குடித்தேன். சூடாக இருந்தது, அப்படியே விழுங்கினேன்.

"ஒரு தப்புக்கு ரெண்டு தரம் எழுந்து நிக்க முடியாது" என்றார். "பொண்ணுக்காகக் கூட முடியாது. அவளே வாணாம்னுட்டா."

ஜெபிக்கலாமா என்றேன். தலை குனிந்தார். ஜெபித்தேன். பத்து சொல்லுக்கு மேல் வரவில்லை.

பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தார். பஸ் வந்ததும், "செஞ்சி போவுது, ஏறுங்க" என்றார். எனக்குப் படிக்கத் தெரியும் என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம். ரேஷனுக்குப் போக வேண்டும், போகவில்லை.

சலோமி பார்த்துக்கொண்டே இருந்தாள். கேட்கவே மாட்டாள் என்று நினைத்தேன். பாத்திரம் விளக்கிக்கொண்டே சொன்னாள்: "மூப்பர் ஆனதுலேர்ந்து பாதி ஆளுதான் ஊட்டுக்கு வர்றீங்க. மீதி அங்கியே ரூமுல கீது." நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கச் சொல்லவில்லை.

மதியம் கிரேஸ் வந்தார். என்னைப் பார்க்க வரவில்லை, சலோமியைப் பார்க்க. திங்கட்கிழமைக்குள் கடிதம் போகாவிட்டால் திருவண்ணாமலை சபையில் கல்யாண அறிவிப்பு வாசிக்க மாட்டார்களாம். மாப்பிள்ளையின் தாய் மாமன் ஏற்கெனவே குறுக்கே பேசுகிறாராம், ஆறு வருடம் பந்தியில் சேர்க்காத குடும்பத்தில் என்ன இருக்குமோ என்று. இதெல்லாம் நான் அடுத்த அறையில் கேட்டது. வெளியே வர முடியவில்லை. அவர் போகும் வரை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றேன்.

என்ன செய்யலாம்? எழுதிப் பார்க்கிறேன், எழுதினால் புத்தி தெளியும் என்று டீச்சர் சொன்னார்.

சாமுவேல் எழுதுகிற தீர்மானத்தில் கையெழுத்துப் போடலாம். ஆனால் யேசுதாஸ் எழுந்து நிற்க மாட்டார். நிற்காமலே நின்றதாக எழுதினால் பொய். என் வாழ்க்கையில் முதல் கையெழுத்து அது.
போட மாட்டேன் என்று உட்காரலாம். திங்கட்கிழமை கடந்துவிடும். பெண் கல்யாணம் போகும்.
விலகலாம். மூன்று விரல்.
யேசுதாஸிடம் சொல்லிவிடலாம். மூப்பர் வாக்கு போகும். அவருக்குக் கடிதமும் வராது, உண்மை மட்டும் வரும்.

நான்கு பக்கமும் சுவர். தெளியவில்லை. படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது. அப்படி நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டேன். எனக்குத் தெரியாமல் இருந்தால் அவருக்கு ஆறு வருடம் ஏழு ஆகும், அவ்வளவுதான்.

வேறு வழியில்லாமல் செவ்வாய்க்கிழமை எழுதியதைத் திரும்பப் படித்தேன். தீர்மானத்தை. இரண்டு முறை. மூன்றாவது முறை கடைசி வரியில் நின்றேன்.

சபைக்கு அறிக்கை செய்வார்.

மூப்பர்களுக்கு என்று எழுதவில்லை. சபைக்கு. அன்றிருந்த நாலு மூப்பரும் ஒரே மனதாக எழுதியது. இன்னும் யாரும் ரத்து செய்யவில்லை. ரத்து செய்ய மூன்று பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது ஆள் நான்.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. சலோமி கரண்டியோடு வந்து நின்றாள். "ரூமுல இருந்த மீதி ஆளு வந்துட்டானா" என்று கேட்டாள். இன்னும் இல்லை, நாளை வருவான் என்றேன்.

செப்டம்பர் 20, சனி

நாலு மணி. பக்க அறை. சாமுவேல் புதுத் தீர்மானத்தை எழுதியே கொண்டுவந்திருந்தார். அழகான எழுத்து. பேனா மூடியைக் கழற்றி என் பக்கம் வைத்தார். முதல் கையெழுத்து பிரதர், சந்தோஷமாகப் போடுங்கள் என்றார். உண்மையாகவே எனக்காகச் சந்தோஷப்பட்டார். பேனாவும் புதுசு, எனக்கென்று வாங்கியது. அதைப் பார்த்ததும் கஷ்டமாக இருந்தது.

போடவில்லை. பழைய பக்கத்தைத் திறந்து வைத்தேன். இந்த வேலை இன்னும் என் மேல் இருக்கிறது, வியாழக்கிழமை போய் ஜெபித்துவிட்டேன், நாளை சபைக்கு அறிக்கை செய்ய வேண்டும், புதுத் தீர்மானம் தேவையில்லை என்றேன்.

சாமுவேல் புத்தகத்தை இழுத்துத் தானே படித்தார். மேலிருந்து கீழ் வரை. அவர் கண்ணாடி மூக்கில் இறங்கியது, ஏற்றவில்லை.

"மூணு மாசத்துல செய்ய வேண்டியது" என்றார்.

"அதுக்குள்ள செய்யலன்னா செல்லாதுன்னு எழுதல பிரதர்."

தே. கறுப்புக் கண்ணாடிக்குள் சிரித்த மாதிரி இருந்தது. போஸ்ட்மேனாக இருந்தவர். தபால் பழசாகிவிட்டதென்று யாரும் கிழித்துப் போடுவதில்லை, முகவரிக்குப் போய்ச் சேர வேண்டும் என்றார்.

சாமுவேல் ரத்து செய்யலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றேன். இப்போது அவர் மாட்டிக்கொண்டார். அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. நல்ல மனிதர், வேர்த்துவிட்டது.

கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். நியாயமான நிபந்தனைதான்.

"புத்தகத்துல இருக்கறதுக்கு மேல ஒரு வார்த்த பேசக் கூடாது. எப்படி ஆச்சு, யாரு மறந்தாங்க, ரேக வெச்ச கத, ஒண்ணும் கூடாது. அது ரூமு விஷயம்."

"மேல பேச மாட்டேன். கீழயும் விட மாட்டேன்."

"தேதியுமா?"

"தேதியும் புத்தகத்துலதானே பிரதர் இருக்குது."

மூன்று பேரும் தலையாட்டினோம். ஒரே மனம். எழுதப் புதிதாக எதுவும் இல்லாததால் கையெழுத்தும் இல்லை. சாமுவேல் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த நிபந்தனை முழுதாகப் புரிந்தது. சபை முன் என் பெயரைப் படிப்பேன். ஏன் போகவில்லை என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஆராதனை பத்து மணிக்கு. அறுபது பேர் இருக்கும். நல்ல காற்று.

அறிவிப்பு நேரத்தில் எழுந்தேன். தே. புத்தகத்தை இரண்டு கையாலும் கொடுத்தார். நான் படிக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் பெண்கள் பக்கத்தில் சந்தோஷமான ஒரு சலசலப்பு. சலோமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாவம், அவளுக்கு எதுவும் தெரியாது.

தேதியில் ஆரம்பித்தேன். நாள், மாதம், வருடம். வருடம் வந்ததும் சலசலப்பு நின்றது.

விரல் வைத்துத்தான் படித்தேன். யேசுதாஸ் பெயரில் கடைசி வரிசையைப் பார்க்கவில்லை, பார்த்தால் இடம் தவறிவிடும். "ஈமச் சடங்கில்" என்பதில் சிக்கிக்கொண்டேன். முன்வரிசையில் ஒரு அம்மா மெதுவாக எடுத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று கை காட்டிவிட்டு நானே எழுத்துக் கூட்டினேன். மூன்று மாதம் என்றேன். யாரோ இருமினார்கள். மூப்பர் மாசிலாமணி என்றேன். அந்த இடத்தில் நிற்காமல் போய்விட வேண்டும் என்று வீட்டில் பத்து முறை பழகியிருந்தேன். நின்றுவிட்டேன். பிறகு படித்து முடித்தேன்.

"போன வியாழக்கிழமை போனேன். ஜெபிச்சேன். சேத்துக்கலாம்" என்று சொல்லி உட்கார்ந்தேன். எத்தனை நிமிடம் ஆனதென்று தெரியாது. சட்டை நனைந்துவிட்டது.

பின்னால் ஒரு குரல், யாரென்று திரும்பவில்லை: "ஆறு வருஷமா இன்னா பண்ணிக்கினு இருந்தாரு?"

பதில் இருக்கிறது. வாயில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லை.

சலோமி என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை பற்றி எழுத மாட்டேன்.

அப்பத் தட்டு போனது. கடைசி வரிசைக்கு வந்ததும் யேசுதாஸ் கை, பழக்கத்தில், அதைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டது. பக்கத்தில் இருந்த டெய்லர் வாங்கிக்கொள்ளவில்லை. திருப்பி அவர் மடியில் வைத்தார். யேசுதாஸ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாடுகிறவர்கள் பாட்டை இன்னொரு முறை முதலிலிருந்து எடுத்தார்கள். எடுத்துக்கொண்டார். சாப்பிட்டார். கிரேஸ் முக்காட்டை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஆராதனை முடிந்து என்னிடம் நாலைந்து பேர்தான் கைகூப்பினார்கள். மற்றவர்கள் செருப்புத் தேடினார்கள்.

பக்க அறையில் தே. கண்ணைக் காகிதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கடிதம் எழுதினார். சாமுவேல் கையெழுத்துப் போட்டார். புதுப் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். மாசிலாமணி. என் முதல் கையெழுத்து, ஒரு பெண் கல்யாணக் கடிதத்தில். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. இருந்தாலும் படிக்க முடிகிறது.

"உங்க விஷயம் சனிக்கிழமை பிரதர்" என்றார் சாமுவேல். சரி என்றேன்.

யேசுதாஸ் வாசலில் காத்திருந்தார். கடிதத்தைப் படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். போவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"அது அப்பவே புத்தகத்துல எழுதி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

கொஞ்ச நேரம் பைக் சாவியைத் திருப்பிக்கொண்டே நின்றார்.

"அப்ப உங்களுக்குப் படிக்கத் தெரியாதில்ல ஐயா."

அறை விஷயம், சொல்லக் கூடாது. அவர் என் முகத்தையே பார்த்தார். கட்டடத்துக்கு நூல் பிடித்துப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "சரி" என்றார். கிரேஸை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 22, திங்கள்

விடியற்காலையில் நல்ல மழை. தெருவெல்லாம் தண்ணீர்.

கடிதம் காலை முதல் பஸ்ஸிலேயே திருவண்ணாமலை போய்விட்டதாம். ஜெனிஃபர் தானே கொண்டுபோனாளாம். சலோமி சொன்னாள். நேற்று பகல் முழுக்க என்னிடம் பேசவில்லை, இன்று இதை மட்டும் சொன்னாள். இரண்டு இட்லி கூடுதலாக வைத்தாள்.

தே. வந்து போனார். சனிக்கிழமையை நினைத்து அவருக்கு டென்ஷன். என்மேல் ஒழுங்கு நடவடிக்கை என்று தீர்மானித்தால் நான் மூப்பர் இல்லை. நான் மூப்பர் இல்லையென்றால் இரண்டு பேர். இரண்டு பேர் எடுத்த தீர்மானம் செல்லாது. செல்லாதென்றால் நான் மூப்பர். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீங்களும் உட்காந்து உங்களுக்கு ஒத்துக்கணும் பிரதர், வேற வழியில்ல" என்றார்.

ஒத்துக்கொள்வேன். எத்தனை மாதம் என்றாலும் சரி. ஒன்றே ஒன்றுதான் கேட்கப் போகிறேன். முடிகிற அன்று யார் என் வீட்டுக்கு வருகிறார்கள், எந்தத் தேதி வருகிறார்கள் என்று எனக்கு எதிரிலேயே எழுத வேண்டும். பக்கம் முழுதாக எழுதி முடிக்கும் வரை எழுந்திருக்க மாட்டேன். எனக்கு இப்போது லாரி எதுவும் இல்லை.

என்ன ஆனதென்று அடுத்த வாரம் இதே நோட்டில் எழுதுகிறேன், கை ஒத்துழைத்தால் ஞாயிற்றுக்கிழமையே.